ஒரு கைப்பிடி நித்தியகல்யாணி

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் இந்த நோட்டில் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். அக்கா என்ன சாப்பிட்டாள், காய்ச்சல் எவ்வளவு, வாந்தி எத்தனை முறை. வியாழக்கிழமை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரம்மா அதைப் பார்ப்பாராம். அம்மாவுக்கு எழுத வராது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அதனால் நான். முன்பக்கத்திலிருந்து அவர்களுக்கு எழுதுகிறேன். நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எனக்கு. எழுதினால் யாரும் "என்னது, சத்தமாச் சொல்லு" என்று கேட்க மாட்டார்கள்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஏப்ரலில் சொன்னார்கள். ஒரு மாதம் படுக்க வைத்து மருந்து கொடுத்ததில் நோய் அடங்கிவிட்டது. அடங்கியது மறுபடி எழும்பாமல் இருக்க இன்னும் இரண்டு வருடம் மருந்து போக வேண்டும். வாராவாரம் முதலில் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணு போதுமான அளவு இருந்தால்தான் ஊசி. இன்று 2400. ஊசி போட்டார்கள்.

அக்கா மருந்துப் புட்டியைப் போட்டோ எடுத்து வந்து, பஸ்ஸில் அந்தப் பெயரைப் போனில் தேடிப் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தவள் என் தொடையில் கிள்ளினாள்.

"ஏட்டி பேச்சி, இத எதுல இருந்து எடுக்காக தெரியுமா? நித்தியகல்யாணி."

நான் நம்பவில்லை. போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். இளஞ்சிவப்புப் பூ, ஐந்து இதழ். நான் கூலிக்கு இலை உருவும் புஞ்சைக் காட்டுப் பூவேதான்.

"நீ உருவுத இலைதான் எனக்குள்ள போகுது. இனிமே ஒழுங்கா உருவு. பழுத்த இலையச் சேத்துப் போட்டேன்னா நாந்தான் போய்ச் சேரணும்."

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பி, "வாயக் கழுவு மொதல்ல" என்றாள்.

அக்கா பெயர் ராஜகனி. பத்தொன்பது வயது. காலேஜில் இரண்டாம் வருடம். கண்டக்டரிடம் சில்லறை கேட்பதிலிருந்து எனக்காகப் பேசுவது எல்லாம் அவள்தான்.

ஜூன் 6

அப்பாவின் பழைய சட்டையைப் பாவாடை தாவணிக்கு மேல் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். இது இரண்டாவது இலை எடுப்பு. செடி முழங்காலுக்கு மேல் நிற்கிறது. அடியில் பிடித்து மேலே ஒரே இழுப்பு, கை நிறைய இலை வரும். மூன்று வருடமாக இந்த வேலை செய்கிறேன். இலையை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. இன்றுதான் பார்த்தேன். நடுவில் வெள்ளைக் கோடு. இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது.

கையில் ஏறிய கசப்பு சோப்புப் போட்டாலும் போகாது. கஞ்சியைக் கரண்டியில்தான் குடிக்க வேண்டும். ஆடுகூட வாய் வைக்காததால் இந்தக் காட்டுக்கு வேலியே கிடையாது.

பக்கத்து நிரையில் நின்ற பாப்பாத்தி மதினி கேட்டாள். "என்ன பேச்சி, செடியப் பார்த்துச் சிரிக்க? பேர் பொருத்தத்தப் பாரேன், ஒரு ஊமையத் தேடிப்பிடிச்சுப் பேச்சின்னு பேர் வச்சிருக்காக."

சிரித்தேன் போலிருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

1100. ஊசி போடவில்லை.

"ரத்தம் இறங்கியிருக்கு. இந்த வாரம் வேண்டாம். ஓய்வு கொடுத்தா தானா ஏறும்" என்றார் டாக்டரம்மா.

அக்கா, "லீவு விட்டாச்சு" என்றாள். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி முந்தானையை வாயில் வைத்திருந்தாள். நான் அக்காவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏப்ரலில் அங்கேதான் முதல் கட்டி தெரிந்தது. மருந்து போகாத வாரத்தில் அது உள்ளே சும்மாவா இருக்கும்?

கோவில்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் நித்தியகல்யாணிக் காடு. கண்ணுக்கு எட்டியவரை.

ஜூன் 13

வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் பையில் ஒரு கைப்பிடி இலை. சாக்கில் போட மறந்திருக்கிறேன்.

ஜூன் 14

காலையில் அக்காவுக்கு ஒரு கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர், அரை டம்ளராக வற்றும்வரை. முதலில் நான் ஒரு சங்கு குடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்தது. வேறு ஒன்றும் செய்யவில்லை.

போன வருடக் காய்ச்சலுக்குக் கொடுத்த நிலவேம்புப் பொட்டலம் அடுக்களையில் இருக்கிறது. அம்மா கேட்டபோது அதைக் காட்டினேன். காட்டினேன், அவ்வளவுதான். அதைத்தான் போட்டேன் என்று சொல்லவில்லை.

அக்கா டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கருப்பட்டி குடுட்டி" என்றாள்.

ஜூன் 15

இட்லி இரண்டு. வாந்தி இல்லை.

ஜூன் 17

முன்பக்கத்தில் எழுதியது: இட்லி, மோர் சாதம், வேகவைத்த கேரட், கருப்பட்டி.

ஜூன் 19, வியாழன்

800. இன்றும் இல்லை.

டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டார். "வீட்டுல நாட்டு மருந்து, லேகியம், சூரணம், ஏதாவது கொடுக்கறீங்களா? கொடுத்தா தப்புன்னு திட்ட மாட்டேன். எனக்குத் தெரியணும்."

"எம் புள்ளைக மேல சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்னதத் தவிர ஒரு துளசி இலகூடக் குடுக்கல."

"நீ சொல்லும்மா ராஜகனி."

"இல்ல மேடம்."

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா நோட்டை முன்பக்கத்திலிருந்து புரட்டி, "நல்லா எழுதியிருக்கே. எல்லாரும் இப்படி எழுதினா எங்களுக்கு வேலை சுலபம்" என்றார். காது சூடாகிவிட்டது.

இரண்டு வியாழன் போய்விட்டது. இவர்கள் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். கட்டிலில் கிடப்பவள் இவர்களுக்கு நம்பர். எனக்கு அப்படி இல்லை. நாளையிலிருந்து இரண்டு வேளை.

ஜூன் 21

பாத்திரம் எல்லாம் கசக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அம்மா காபி கசக்கிறது என்றாள். டிகாக்‌ஷன் கூடிப்போச்சு என்றேன். அம்மாவிடம் நான் பேசும் நீளமான வாக்கியங்கள் இப்போதெல்லாம் இந்த மாதிரிதான்.

ஜூன் 23

அக்காவுக்குக் கால் விரல் மரத்துப்போய்விட்டது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்தாள். சட்டைப் பொத்தானை மாட்ட வரவில்லை. நான் மாட்டிவிட்டேன். மூன்று நாளாக வயிறு போகவில்லை. தாடை வலிக்கிறதாம்.

ஏப்ரலில் ஊசி போட்ட வாரங்களிலும் இப்படித்தான் இருந்தது. மருந்து வேலை செய்தால் இதெல்லாம் வரும் என்று ஸ்டெல்லா சிஸ்டர் அப்போது சொன்னார்.

அப்படியானால் வேலை செய்கிறது.

ஜூன் 26, வியாழன்

500.

டாக்டரம்மா அக்காவின் பாதத்தில் பேனாவால் குத்திக் குத்திக் கேட்டார். "இது தெரியுதா? இது?" அக்கா கண்ணை மூடிக்கொண்டு "இல்ல, இல்ல" என்றாள். "ஊசி போட்டு மூணு வாரமாச்சு. மரப்பு குறையணும். ஏன் கூடுது?" என்று அவர் தனக்குள்ளேயே சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். அடுத்த வாரமும் ஏறாவிட்டால் எலும்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறாள். மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன தலையைத் தடவிக்கொண்டு அக்கா கேட்டாள், "மொட்டையா நேர்ந்த? ஏற்கெனவே போட்டாச்சேம்மா."

ஜூன் 28

இலையை விலைக்கு வாங்கும் அண்ணாச்சி லோடு ஏற்ற வந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சாக்கைத் தூக்கிவிடும்போது கேட்டேன்.

"அண்ணாச்சி, இத எப்படி மருந்தாக்குறாக?"

அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டார். "பேச்சியா பேசுனது?" என்று பாப்பாத்தி மதினியைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அது பெரிய கதை தாயி. லாரி லாரியா போகும். அரைச்சு, ஊறவச்சு, என்னென்னமோ பண்ணி, கடைசியில ஒரு சிட்டிகை வரும். மிச்சமெல்லாம் வேண்டாத சரக்கு."

"வேண்டாததுன்னா?"

"விஷம்னு வச்சுக்கோயேன். நான் ஏன் காட்டுல வச்சு வெத்தல போடாதீகன்னு உங்கள வையுதேன்? சர்க்கரைக்கு நல்லதுன்னு ஒருத்தர் இதக் குடிச்சுக் கீழ விழுந்து, பெரியாஸ்பத்திரில கெடந்தாரு. எங்க சின்ன மாமனாரு."

அண்ணாச்சி எதையும் கூட்டித்தான் சொல்வார். அவருடைய சின்ன மாமனாருக்கு எண்பது வயது.

சாயங்காலம் அரைக் கைப்பிடிதான் போட்டேன்.

ஜூன் 29

அரைக் கைப்பிடி. ஒரு வேளை. நிறுத்திவிட்டால் உள்ளே இருப்பது எழும்பிவிடும். நிறுத்தாவிட்டால்? அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வற்றி, இலை தீய்ந்து, திரும்ப வைத்தேன்.

ஜூன் 30

காலையில் காய்ச்சல் 101. பதினோரு மணிக்கு 103. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பாப்பாத்தி மதினி வீட்டு அண்ணன் வேன் பிடித்து வந்தார். மதுரை. அனுமதித்துவிட்டார்கள்.

ஜூலை 1

200.

வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. அக்காவைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். முகமூடி போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம்.

டாக்டரம்மா அம்மாவை வராந்தாவில் உட்கார வைத்துச் சொன்னார். நோய் திரும்பிவிட்டது என்று சந்தேகப்படுகிறார்கள். நாளை மறுநாள் எலும்பு டெஸ்ட். திரும்பியிருந்தால் இதைவிடக் கடுமையான மருந்து வேண்டும். இப்போதுள்ள உடம்பு அதைத் தாங்காது. "அப்பாவ வரச் சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதப் பத்தியும் யோசிச்சு வைங்க."

"நல்லானதும் கூட்டிட்டுப் போறோம்மா" என்றாள் அம்மா.  கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மாவுக்குப் புரிந்தது.

எனக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது அக்காவின் காலேஜுக்காக என்று ஊரில் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தம் வராது. ஒருநாள் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து போகவில்லை. அது அக்காவுக்கு மட்டும் தெரியும். "எம் படிப்புக்காக நின்னுட்டான்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவளே சொல்லி முடித்துவிட்டாள்.

ஜூலை 2

டாக்டரம்மா காலை ரவுண்டுக்கு வந்தபோது சொல்லலாம் என்று நின்றேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் கூட வந்தார்கள். சொல்லவில்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் தனியாக இருந்தபோது போனேன். "சிஸ்டர்." "என்னம்மா?" "தண்ணி." குழாய் இருக்கும் இடத்தைக் கையால் காட்டினார். அங்கே போய் வேண்டாத தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. அம்மா அவரிடம், "வீட்ட ஒதுங்க வைக்கச் சொல்லிட்டேன், பாப்பாத்திகிட்ட" என்றாள். வீட்டை எதற்கு ஒதுங்க வைக்கச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்து லிஃப்ட் பக்கம் போனார். பின்னால் ஓடி அவர் வெள்ளைக் கோட்டைப் பிடித்துவிட்டேன்.

"நான் குடுத்தேன்."

சத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவும்.

"என்ன கொடுத்தே?"

"நித்தியகல்யாணி. இலை."

அவர் முகம் மாறவில்லை. பேனாவை எடுத்தார். "எவ்வளவு? எப்பயிருந்து?"

"பதினாலாம் தேதியில இருந்து. ஒரு கைப்பிடி, ஒரு டம்ளர் தண்ணி, அரையா வத்தவச்சு. இருபதாம் தேதியில இருந்து ரெண்டு வேளை. இருபத்தெட்டு சாயங்காலத்துல இருந்து அரைக் கைப்பிடி, இருபத்தொம்பதுல ஒரு வேளைதான்."

"கடைசியா?"

"முந்தாநாள் காலைல. காய்ச்சல் வந்த பெறகு."

"நோட்டுல எழுதலையே."

"எழுதல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையும் உட்கார வைத்தார். "ஊசியில இருக்கறது அந்தச் செடியிலேர்ந்து பிரிச்செடுத்த ஒரே ஒரு பொருள்மா. ஒரு கிராம் எடுக்கணும்னா நூத்துக்கணக்குல கிலோ காஞ்ச இலை வேணும். அதையும் உங்க அக்கா எடை பார்த்து, உயரம் பார்த்து, துளி கணக்குலதான் கொடுப்போம். இலையில இன்னும் நூறு பொருள் இருக்கு. உன் டம்ளர்ல எது எவ்வளவு இறங்குச்சுன்னு எனக்கே தெரியாது. நாங்க ஊசிய நிறுத்தினது ரத்தம் ஏறட்டும்னு. நீ அத..."

 எழுந்து அம்மாவிடம் போய், "வீட்டுக்குப் போற பேச்சு இப்ப வேண்டாம். டெஸ்ட் பார்த்துட்டுப் பேசலாம்" என்றார்.

அம்மா அடிப்பாள் என்று நின்றேன். அவள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கோடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஜூலை 3, வியாழன்

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி எடுத்தார்கள். அப்பா வந்துவிட்டார். அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் சிஸ்டர் என்னை உள்ளே விட்டார்.

அக்காவுக்குக் குரல் இல்லை, காற்றுதான் வருகிறது. "சொல்லிட்டியாமே. வராந்தாவே கேட்டுச்சாம்."

நான் அழுதேன். முகமூடி நனைந்து மூச்சு முட்டியது.

"எனக்கு முத நாளே தெரியும்ட்டி. போன வருசம் நெலவேம்பு நானும்தான குடிச்சேன்."

"பெறகு ஏன் குடிச்ச? டாக்டரு கேட்டப்ப ஏன் இல்லன்ன?"

மேலே பார்த்தபடி சொன்னாள். "ஊசி போடாத நாள்லாம் உள்ள அது வளர்ற மாதிரியே இருந்துச்சு. எல்லாரும் ஏறும் ஏறும்னு சொல்லிட்டுச் சும்மா இருந்தீக. நீ டம்ளரக் கொண்டு வந்து நீட்டுன. யாரோ ஒருத்தி ஏதோ செய்யுதாளேன்னு இருந்துச்சு."

"நீ காலேஜு படிச்சவ."

"ஆமா. செகண்ட் இயர்." சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. பஞ்சால் ஒற்றினேன். "அம்மாட்ட சொல்லுதேன், எனக்கும் தெரியும்னு."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அம்மாவுக்குக் கோபம் இல்லாமல் பார்க்க ஒருத்தியாவது வேண்டும்.

ஜூலை 4

200. அம்மா என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: "உங்கையால அவளுக்குப் பச்சத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது."

ஜூலை 5

200.

ஜூலை 6

200. அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 7

டெஸ்ட் வந்துவிட்டது. நோய் தெரியவில்லை. எலும்புக்குள் நல்ல அணுவும் இல்லை, கெட்ட அணுவும் இல்லை, காலியாக இருக்கிறதாம்.

"திரும்பி வரல. அதுவரைக்கும் நல்லது" என்றார் டாக்டரம்மா. "ஆனா இத்தனை வாரம் மருந்து போகல. கண்ணுக்குத் தெரியாம ஏதாவது ஒளிஞ்சிருந்தா, அதுக்கு அது லாபம். என்ன ஆகும்னு மாசக்கணக்கா பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்."

அம்மா கும்பிட்டாள். நான் வாரங்களை விரல் விட்டுப் பார்த்தேன்.

ஜூலை 9

300. காய்ச்சல் 100.

எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இதைவிட எத்தனை ஏக்கர் வேண்டுமானாலும் உருவிவிடலாம்.

ஜூலை 12

600. காய்ச்சல் இல்லை. அரை டம்ளர் கஞ்சி. அம்மா ஊட்டினாள்.

முன்பக்கத்தில் நான்தான் எழுதுகிறேன். ஸ்டெல்லா சிஸ்டர் ஒவ்வொரு வேளையும் என்னை நிறுத்தி வாயால் சொல்லச் சொல்கிறார். "கஞ்சி. அரை டம்ளர். உப்புப் போட்டது." "வேற?" "வேற ஒண்ணும் இல்ல." "சத்தமா." "வேற ஒண்ணும் இல்ல சிஸ்டர்." ஒவ்வொரு முறையும் அம்மா அந்தக் கோடியிலிருந்து என்னையே பார்க்கிறாள்.

ஜூலை 15

1300.

ஜூலை 17, வியாழன்

1900. ஊசி போட்டார்கள். கால் மரப்பு போகும்வரை பாதி அளவுதானாம். புட்டியில் தண்ணீர் மாதிரி இருந்தது. நிறமே இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே போய்விட்டது.

ஐந்து வியாழக்கிழமை விட்டுப்போனதற்குச் சேர்த்துப் போட மாட்டார்களா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். நானே கேட்டேன். "அப்படிச் சேர்த்துப் போட முடியாதும்மா. போனது போனதுதான்" என்றார்.

மத்தியானம் அம்மா துணி அலசப் போயிருந்தாள். அப்பா வெளியே இருந்தார். அக்கா கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள்.

ஆறவைத்த வெந்நீர் செம்பில் இருந்தது. டம்ளர் பக்கத்தில் இருந்தது. நான் கதவைப் பார்த்தேன்.

"அம்மா வரட்டும்."

"தாகமா இருக்குட்டி. நீ தா."

ஊற்றினேன். பாதி கீழே போனது. நிலையில் நிழல் விழுந்தது. அம்மா ஈரத் துணியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

முகமூடியை இறக்கி, செம்பை எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். பிறகு முகமூடியை ஏற்றிக்கொண்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா துணியை வராந்தாக் கம்பியில் போட்டாள். ஒவ்வொன்றாக உதறி, இழுத்துவிட்டு, நுனி சேர்த்துப் போட்டாள். எல்லாம் போட்டு முடித்த பிறகு, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"பார்த்துக் குடு. புரையேறிரப் போகுது."